இரண்டு குச்சிக்கு ஒரு குட்டியானை

விதி எண் ஒன்பது: 'கடலில் இறங்கும் குழுவின் முன்னணிப் படகில் இரண்டு அபாய ஒளிக்குச்சிகள் கட்டாயம் இருக்க வேண்டும்.'

எங்கள் கயாக் கிளப்பின் விதி இது. எழுதியவன் நான்தான். பட்டாசு லைசென்ஸ் செக்‌ஷனில் உட்கார்ந்தே தலை நரைத்தவனைச் செயலாளர் ஆக்கினால் விதி எழுதாமல் வேறென்ன செய்வான்?

சிவகாசிக்காரனுக்கு எதற்குக் கடல் என்று நீங்கள் கேட்பது புரிகிறது. தீபாவளி முடிந்தால் பட்டாசுக் கம்பெனிகள் பூட்டிக் கிடக்கும். சிலர் கோயிலுக்குப் போவார்கள், சிலர் பெண் பார்க்கப் போவார்கள். நாங்கள் கொஞ்சப் பேர் சேர்ந்து செகண்ட் ஹேண்டில் கயாக் வாங்கினோம். ஒரு ஆள் மட்டும் உட்கார்ந்து துடுப்புப் போடுகிற ஒல்லிப் படகு. மழை பெய்தால் கண்மாயில் ஓட்டுவோம். கவிழ்ந்து நிமிரும் பயிற்சி மட்டும் ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பம்புசெட் கிணற்றில். சிரிக்காதீர்கள். கிணறு ஆழமானது.

தலைவர் தங்கவேல் அண்ணாச்சி, காலண்டர் அடிக்கும் பிரஸ் முதலாளி. சீசன் நேரத்திலும் பிரஸ்ஸை மகனிடம் விட்டுவிட்டு வந்துவிடுவார். பயிற்சியாளர் ஜெயந்தி டீச்சர், ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர். பாதுகாப்புப் பொறுப்பு முத்துராஜ், பட்டாசுக் கம்பெனி ஃபோர்மேன்.

போன தீபாவளி முடிந்த வாரம், வேம்பார் தாண்டி ஒரு கடற்கரைக்குக் கிளம்பினோம். எல்லாரும் வேனில் ஏறியாயிற்று. நான் ஒளிக்குச்சிப் பெட்டியோடு ஏறினேன். முத்துராஜ் என் கையைப் பார்த்தார்.

"சார், அதுல என்ன இருக்கு?"

"ஃப்ளேர்தான்ய்யா. பத்த வெச்சா சிவப்பா எரியும்ல, அது."

"அப்ப வெடிமருந்துதான. மருந்து ஏறுனா ஆள் இறங்கணும் சார்."

அவ்வளவுதான் சொன்னார். மறு பேச்சில்லாமல் வேனே காலியாகிவிட்டது! அத்தனை பேரும் ரோட்டில். அந்தப் பெட்டி மட்டும் ஜன்னலோர சீட்டில் முதலாளி மாதிரி உட்கார்ந்திருந்தது. நானும்தான் இறங்கினேன். மருந்தும் ஆளும் ஒரே வண்டியில் கூடாது என்று எத்தனை ஃபைலில் குறிப்பெழுதியிருப்பேன்... கால் தானாக இறங்கிவிட்டது.

டிபன் பாக்ஸ் அளவுப் பெட்டிக்குத் தனியாக ஒரு லோடு வண்டி பிடித்தோம். குட்டியானை. அது பின்னால் வரட்டும் என்று நாங்கள் முன்னால் போய்விட்டோம்.

கரையில் காத்திருந்தபோது டிரைவர் போன் செய்தார். "சார், செக்கிங்ல நிப்பாட்டிட்டாக. ரெண்டு குச்சிக்கு எதுக்குலே லோடு வண்டி, உள்ள வேற என்னத்த ஒளிச்சு வெச்சிருக்கன்னு கேக்காக!"

கேட்பார்களா, மாட்டார்களா?

அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. "வெயில் ஏறுனா காத்தும் ஏறும். இங்கன குத்தவெச்சு உக்காரவா வந்தோம்? கரையை ஒட்டித்தான போறோம், வாங்க."

படகில் உட்கார்ந்ததும் தண்ணீர் உள்ளே வராமல் இடுப்பைச் சுற்றி ஒரு ரப்பர் உறையை மாட்ட வேண்டும். கிளப்பில் அதற்குப் பெயர் பாவாடை.

"அண்ணாச்சி, பாவாடையை இறுக்கி மாட்டுங்க," என்றார் டீச்சர்.

"மெதுவாச் சொல்லுங்க டீச்சர். எங்க வீட்டம்மா காதுல விழுந்தா என் மானம் போயிரும்."

சிரித்துக்கொண்டே இறங்கினோம். முன்னணிப் படகு அவருடையது. காற்று முதுகில் தள்ள, ஜோராகப் போனார். கொஞ்ச நேரத்தில் காற்று வலுத்தது. கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிற காற்று. நாங்கள் திரும்ப ஆரம்பித்தோம். ஒரு அலையின் முதுகில் ஏறிப் பார்த்தேன் - தூரத்தில் அண்ணாச்சி இருந்தார். அடுத்த அலையில் ஏறிப் பார்த்தேன்.

இல்லை.

கிணற்றில் எந்தப் பக்கம் கவிழ்ந்தாலும் கைக்குச் சுவர் கிடைக்கும். இங்கே? எல்லாவற்றுக்கும் ஓர் எல்லை, ஒரு சர்வே எண் உண்டு என்று நம்பி வேலை பார்த்தவன் நான். அன்று என் முன்னால் இருந்ததற்கு அப்படி எதுவும் இல்லை. அழகாகத்தான் இருந்தது. நீலமாக, பளபளவென்று... ஒரு மனிதனை விழுங்கிவிட்ட சுவடே இல்லாமல்.

"அந்தக் குச்சி அவர் கையில இருந்திருந்தா இந்நேரம் காட்டியிருப்பாரே!" என்று முத்துராஜ் துடுப்பை வீசிக் கிளம்பினார்.

"நில்லுங்க! நீங்களும் போனா நாங்க ரெண்டு பேரைத் தேடணும்," என்றார் டீச்சர். "எல்லாரும் வரிசைக்கு வாங்க. பக்கத்துப் படகு விசில் கேக்கணும். அதுக்கு மேல ஒரு முழம்கூட விலகக் கூடாது."

கடலின் குறுக்கே வரிசையாகப் பரந்தோம். ஒரு முனையில் விசில் கிளம்பும். அடுத்த படகு வாங்கி ஊதும், அதற்கடுத்தது ஊதும், மறுமுனை போய்த் திரும்பி வரும். பாதி நேரம் யார் முகமும் தெரியவில்லை. விசில் மட்டும் அலைகளுக்கு மேலே நடந்து போனது. கணக்கு எழுதுகிறவர், பாக்கெட் ஒட்டுகிறவர், லாரி ஆபீஸ்காரர் - கடலே இல்லாத ஊர்க்காரர்கள். பயமில்லாதவர் ஒருவரும் இல்லை. கரையைத் திரும்பிப் பார்த்தவரும் ஒருவரும் இல்லை.

அப்போது ஒரு விசில் கேட்டது. மெல்லியது. எங்கள் வரிசையில் இல்லாதது. எதிரே இருந்து வந்தது.

கவிழ்ந்த படகைக் கட்டிப் பிடித்தபடி கிடந்தார் அண்ணாச்சி. துடுப்பு போய்விட்டது.

"எம்புட்டு நேரம்யா! இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா எங்கிட்ட பாஸ்போர்ட் கேட்டிருப்பாக."

படகை நிமிர்த்தி, ஏற்றி, கயிறு கட்டி மாறி மாறி இழுத்து வந்தோம். நடுவில் மூச்சு வாங்க நின்றபோதெல்லாம் முத்துராஜின் மணிக்கட்டை அண்ணாச்சி பிடித்துக்கொண்டார். முத்துராஜ் அழுதார். நாங்கள் பார்க்காத மாதிரி கடலைப் பார்த்தோம். பார்ப்பதற்குக் கடல் நிறையவே இருந்தது.

கரையில் குட்டியானை நின்றுகொண்டிருந்தது. "பெட்டியை எங்கன இறக்க சார்?" என்றார் டிரைவர். முதலில் சிரித்தவர் அண்ணாச்சிதான்.

அன்றைக்கே சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு எழுதினேன். இந்த ஒளிக்குச்சி பட்டாசா, உயிர் காக்கும் கருவியா? ஆட்களோடு ஒரே வண்டியில் ஏற்றலாமா? முத்துராஜ் பிடிவாதமாக இருக்கிறார்: "பேப்பர் வரட்டும் சார், அப்புறம் வேன்ல ஏத்துவோம்." அண்ணாச்சி அவரைவிடப் பிடிவாதம்: "பேப்பர் வருதோ இல்லையோ, பெட்டி என் படகுல ஏறாம இனிமே நான் ஏற மாட்டேன்." ஆகவே குட்டியானை இப்போது எங்களுக்கு முந்தின நாளே கிளம்பிவிடுகிறது.

பதில் வந்துவிட்டது. 'சம்பந்தப்பட்ட படகின் என்ஜின் எண்ணைக் குறிப்பிட்டு மீண்டும் விண்ணப்பிக்கவும்.'

தேதி: மார்ச் முப்பத்தொன்று. நிலுவை ஃபைல்களை எப்படியாவது முடித்துக் கணக்குக் காட்டுகிற நாள்.