அணைத்த பிறகு ஒரு டொப்பு

என் வீட்டுக்காரருடைய கடைசித் தம்பியைத் தெருவே டொப்பு என்றுதான் கூப்பிடும். மோட்டாருக்குச் செம்புக்கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுவது அவன் தொழில். எதையும் பிரித்துப் பார்க்கும் அந்தக் கை என் மாமியாரின் தம்பியிடமிருந்து வந்தது. அந்த மனுஷன் கடிகாரத்தைப் பிரித்துப் பூட்டினால் ஒரு திருகாணியாவது மிச்சமிருக்கும். கேட்டால், "அது இல்லாமலே ஓடுதே, அப்புறம் எதுக்கு?" என்பார். இவன் அப்படியில்லை. ஒரு திருகாணி மிச்சமானால் இவனுக்குச் சோறு இறங்காது.

கல்யாணம் வேண்டாமென்று எங்களோடேயே இருந்துவிட்டவன், ஓர் ஆம்ப்ளிபயரைத் தானே செய்தான். டிரான்ஸ்பார்மரைக்கூடப் பட்டறையில் உட்கார்ந்து கையால் சுற்றினான். பாட்டு வைத்தால் பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும். சாயங்காலமானால் அண்ணனும் தம்பியும் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். இரண்டு பேரும் வாய் திறந்து பேசிக்கொண்டதைவிடச் சேர்ந்து கேட்டதுதான் அதிகம்.

அணைக்கும்போது மட்டும் ஸ்பீக்கர் 'டொப்பு' என்று ஓர் அடி அடிக்கும். மாடியிலிருந்து மூட்டையைத் தள்ளிவிட்டது போலிருக்கும். அவனுடைய பெயர் வந்த வழி அதுதான். நாங்களும் சிரித்துவிட்டு விட்டுவிட்டோம்.

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் ஆபரேஷன் செய்து வீட்டுக்கு வந்தபிறகு அது சிரிப்பாக இல்லை. முதல் நாள் பாட்டு முடிந்து அவன் அணைத்தான். டொப்பு. அவர் கை நெஞ்சுக்குப் போய்விட்டது. முகம் வெளுத்து, வியர்த்துவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் ஒயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன்.

"தம்பி, ஒண்ணு அந்தச் சத்தம் போகணும். இல்லேன்னா இந்தப் பெட்டி போகணும்."

"சத்தம்தான் போகும் அண்ணி. ரெண்டு நாள் குடுங்க."

ரெண்டு நாளாவது! சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு அணைத்தான், டொப்பு அப்படியேதான் வந்தது. ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு அணைத்தான். கழற்றிய கம்பிகள் ஒன்றோடொன்று உரசி உள்ளே ஏதோ கருகி, வீடெல்லாம் நாற்றம். அதைச் சரி செய்தபிறகு ஒரு யோசனை சொன்னான் பாருங்கள், அணைத்தால்தானே சத்தம், அணைக்கவே வேண்டாமாம்! பெட்டி பகலும் இரவும் அணையாமலே கிடந்தது. பூனை அதன்மேல் படுத்துக் குளிர் காய்ந்தது. ஒரு மத்தியானம் கரண்டு போனது. டொப்பு. அவர் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் சட்டையெல்லாம் கொட்டியது. பூனை அதற்கப்புறம் அந்த அறைப்பக்கமே போகவில்லை.

அடுத்து, கரண்டைச் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டரை மாற்றி, டம்ளர் பருமனில் இரண்டு வைத்தான். இதற்குப் பழையதே பரவாயில்லை என்றாகிவிட்டது. முன்பாவது அணைத்ததும் வந்து தொலையும். இப்போது அணைத்துவிட்டு, எப்போது வரும் எப்போது வரும் என்று மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கடைசியாக ரிலே என்று ஒன்று வாங்கி வந்தான். கரண்டு நின்றால் அதுவே ஸ்பீக்கர் ஒயரைத் துண்டித்துவிடுமாம். மாட்டினான், அணைத்தான். டொப்பு. அப்புறம், சாவகாசமாக, டிக்.

"மழை விட்டப்புறம் குடை விரிக்குதுடா உன் ரிலே," என்றார் அவர்.

அவன் சிரிக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனான்.

"எங்கடா?"

"பழைய இரும்புக் கடைக்கு. உங்க நெஞ்சோட விளையாட என்னால முடியாதுண்ணே."

பெட்டி போகட்டும் என்று சொன்னவள் நான்தான். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். இனிச் சாயங்காலம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரப்போகிறவர் முகம் அது.

"டேய், இரு. படுத்துக் கெடக்கறவனுக்குப் பாக்கறதைத் தவிர வேற வேலை ஏது? நீ அணைச்சப்புறமும் பெட்டி முன்னால அந்தச் சிவப்பு பல்பு கொஞ்ச நேரம் எரியுதே, அது ஏன்?" என்றார் அவர்.

"அது... கெப்பாசிட்டர்ல மிச்சம் இருக்கில்ல, அதைக் குடிச்சுக்கிட்டு..." என்றவன் நின்றான். "அண்ணே! ரிலேயும் அதைத்தானே குடிக்குது! கரண்டு போனதே அதுக்குத் தெரியாம உக்காந்திருக்கு!"

வாசற்படியிலேயே பெட்டியைப் பிரித்தான். நடக்க வழியில்லை, பால்காரர் தாண்டித்தான் வந்தார். பெரிய கெப்பாசிட்டரிலிருந்து ரிலேயைப் பிரித்து, டிரான்ஸ்பார்மரிலிருந்தே அதற்குத் தனியாக ஒரு வழி போட்டு, அங்கே மிளகு பருமனில் ஒரு சின்ன கெப்பாசிட்டர் வைத்தான். கரண்டு நின்றால் ரிலே உடனே பட்டினி கிடந்து, டொப்பு வருமுன்னே ஸ்பீக்கர் கையை விட்டுவிடுமாம்.

சாயங்காலம் ஒரு பாட்டு ஓடியது. அணைக்கப் போகிறான் என்றதும் அவர் கை தானாக நெஞ்சுக்குப் போனது.

டிக்.

நாங்கள் காத்திருந்தோம். சிவப்பு பல்பு மெதுவாக மங்கி அணைந்தது.

"அணைச்சியா?"

"அணைச்சாச்சுண்ணே."

"நம்ப மாட்டேன். மறுபடி போடு."

மறுபடி போட்டான், மறுபடி டிக். அவர் கை மடிக்கு இறங்கியது. "இன்னும் ஒரு பாட்டு வைடா" என்றார்.

வைத்தான். வைத்துவிட்டு, இவனாவது நிம்மதியாக உட்காருவானா? ஸ்பீக்கரில் காதை ஒட்டிக்கொண்டான். முகம் சுருங்கியது.

"அண்ணி, பாட்டுக்கு அடியில 'ம்ம்ம்'னு ஒண்ணு ஓடுதே, உங்களுக்குக் கேக்குதா?"

"கேக்கல" என்றேன். அவன் எழுந்திருப்பதற்குள் ஸ்க்ரூடிரைவரை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.