நன்றாக விழுந்த பாதி

அந்தக் கேமரா, எங்கள் கம்பெனியில் சாம்பிள் துணிகளைப் படம் எடுப்பதற்காக வாங்கியது. பின்னலாடை ஏற்றுமதிக் கம்பெனி; நான் அதில் மெர்ச்சன்டைசர். வெளிநாட்டுப் பையர் கேட்ட டி-ஷர்ட்டை வெள்ளைச் சுவரில் மாட்டிப் படம் எடுத்து, பிரின்ட் போட்டு, கூரியரில் அனுப்புவது என் வேலைகளில் ஒன்று. பிறகு ஆபீசுக்கு டிஜிட்டல் கேமரா வந்தது. எடுத்த படம் எடுத்த நிமிடமே மெயிலில் போனது. பழைய கேமராவை முதலாளி மேசை மேல் வைத்து, "ஆருக்காச்சும் வேணும்னா எடுத்துக்குங்க, பீரோவுல சும்மா எடத்தை அடைச்சுட்டுக் கெடக்குது" என்றார். நான் கை நீட்டினேன்.

கனமான இரும்புக் கேமரா. எல்லாமே கையால்தான். உள்ளே கண் வைத்துப் பார்த்தால் நடுவில் ஒரு சிறு வட்டம் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருகினால் அந்த வட்டத்துக்குள் உடைந்து விலகித் தெரியும் உருவம் மெல்ல நகர்ந்து ஒன்று சேரும். எதன் மேல் வைத்துச் சேர்க்கிறோமோ அதுதான் படத்தில் தெளிவாக விழும். வெளிச்சம் குறைந்த இடத்தில் லென்ஸை அகலத் திறந்து எடுக்கும்போது, அதற்கு ஒரு சாண் பின்னால் இருப்பதுகூடக் கலங்கிப்போகும். ஆபீசில் எனக்கு இது சிரமமாகவே இருந்ததில்லை. கழுத்து லேபிளின் எழுத்தில் வைத்துத் திருகுவேன். துணி தட்டையாகத்தானே தொங்குகிறது, எல்லாம் தெளிவாக வந்துவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்த வட்டத்துக்குள் என் மகளைத் தவிர வேறு யாரும் வந்ததில்லை என்றே சொல்லலாம்.

அவளுக்கு அப்போது இரண்டாம் வகுப்பு. வீசிங் உண்டு. ஊரே பஞ்சு பறக்கும் ஊர். எங்கள் சந்தின் முனையிலேயே பனியன் கம்பெனி. சளி பிடித்தால் மூன்றாம் நாள் அவளுடைய கழுத்துக் குழி உள்ளே இழுக்க ஆரம்பிக்கும். அந்தக் குழியைப் பார்ப்பதுதான் என் பகல், என் ராத்திரி. படம் எடுக்கிறேன் என்று அவளை நிறுத்தி வைத்துக் கேமராவுக்குள் பார்க்கும்போதுகூட நான் பார்த்தது அதைத்தான். இழுக்கிறதா, இல்லையா. அவள் சிரிக்கச் சிரிக்க நான் வளையத்தைத் திருகிக்கொண்டே இருப்பேன். "அம்மா, சீக்கிரம் எடும்மா, பல்லு காயுது" என்பாள்.

நாங்கள் இருந்தது ஒரே வாசலுக்குள் வரிசையாகக் கட்டிய காம்பவுண்டு வீடுகளில் ஒன்று. பக்கத்து வீட்டில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கிறிஸ்தவக் குடும்பம். ஒரு பெண்ணும் அவள் கணவனும்தான்; இருவரும் பனியன் கம்பெனி வேலைக்குப் போனார்கள். அவள் செக்கிங்கில், அவன் கட்டிங்கில். குழந்தை இல்லை. என்னைவிடப் பத்து வயதாவது இளையவள். என்னை அக்கா என்பாள். என் மகள் அவளை அத்தை என்பாள். எனக்கு ஷிப்மென்ட் நேரத்தில் வீடு திரும்பத் தாமதமானால் என் மகளுக்குச் சோறு போட்டு, இன்ஹேலர் மருந்தை இழுக்க வைத்து, மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருப்பாள்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு அவளுடைய அப்பா வந்திருந்தார். உப்பளத்தில் வேலை செய்தவர். ஒல்லியான, உயரமான மனிதர். ஊருக்குக் கிளம்பும் நாள் காலையில் அவள் என் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, எங்கப்பாவ ஒரு படம் எடுத்துத் தருவியளா? ஸ்டூடியோவுக்குக் கூப்பிட்டா வரமாட்டேங்காவ. வீட்ல இருக்கறது ஓட்டு அட்டைப் படம் ஒண்ணுதான். அதுல அவிய மாதிரியே இல்ல, களவாணி மாதிரி இருக்காவ."

உள்ளேயிருந்து அவர் குரல் கொடுத்தார்: "ஆமாட்டி, அந்தக் களவாணிதான் ஒன்ன வளத்தான்."

வீடுகளுக்கு நடுவில் இருந்த நடையில் அவரை நிறுத்தினேன். மேலே தகரம், வெளிச்சம் போதாது. லென்ஸை முழுக்கத் திறந்தேன். அவருக்குத் தனியாக நிற்கக் கூச்சமாக இருந்தது. கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. பள்ளி விடுமுறையில் வாசலில் விளையாடிக்கொண்டிருந்த என் மகளைப் பார்த்து, "பிள்ளையும் நிக்கட்டும், வாட்டி எம்மா" என்றார். அவள் ஓடிவந்து அவருக்கு முன்னால், சற்றே பக்கவாட்டில் நின்றுகொண்டாள். அவளுக்கு முந்தின நாள் இரவுதான் மூக்கு ஒழுக ஆரம்பித்திருந்தது.

கேமராவைக் கண்ணில் வைத்தேன். திருகினேன். ஒன்று சேர்ந்தது. அமுக்கினேன்.

"எம்மூஞ்சி விழுந்திச்சாம்மா?" என்று கேட்டார் அவர்.

"நல்லா விழுந்துருச்சுங்க ஐயா."

இன்னொன்று எடுத்திருக்கலாம். ஆனால் எனக்கு ரோலை வீணாக்க மனமில்லை. மகளுடைய ஆண்டு விழா வருகிறது, பிறந்த நாள் வருகிறது. ஒரு ரோலை மாதக்கணக்கில் இழுப்பவள் நான். பக்கத்து வீட்டுக்காரி இரண்டு மூன்று முறை கேட்டாள். "ரோல் முடியட்டுங் கண்ணு, முடிஞ்சொடனே களுவிக் குடுத்தர்றேன்" என்றேன். பிலிம் கேமரா வைத்திருந்த எல்லோரும் சொல்வதுதான். அவளும் தலையாட்டிவிட்டுப் போனாள்.

ஈஸ்டருக்குக் கொஞ்ச நாள் முன்னால் அவர் ஊரில் இறந்துபோனார். வீட்டில் இல்லை, உப்பளத்தில் இல்லை, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே. செய்தி வந்ததும் அவர்கள் இருவரும் பஸ் ஏறினார்கள். நான் அன்றே ரோலை முடிக்காமல் சுற்றி எடுத்துக் கழுவக் கொடுத்தேன்.

பிரின்ட் வந்த உறையை ஸ்கூட்டர் சீட்டின் மேல் வைத்தே பிரித்தேன். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்து அந்தப் படத்தில் நின்றேன்.

என் மகள் அப்படியே நின்றாள். இமை முடி எண்ணலாம். மூக்கின் கீழே துடைத்த ஈரம்கூடத் தெரிந்தது. கழுத்துக் குழி தெரிந்தது, இழுக்கவில்லை. அவளுக்குப் பின்னால் ஒரு வெள்ளைச் சட்டை, அதற்கு மேல் பழுப்பாக ஒரு முகம். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கருநிழல். சிரித்தாரா என்பதுகூடத் தெரியவில்லை.

அவளுடைய தோள் மேல் மட்டும் அவருடைய கை இருந்தது. மகள் நின்ற அதே தூரத்தில் இருந்ததால் அது தெளிவாக விழுந்திருந்தது. உப்பு அரித்து வெடித்த விரல்கள், ஒரு நகம் கறுத்து வளைந்திருந்தது.

கை ஆடியிருக்கும், வெளிச்சம் போதாது, பழைய லென்ஸ் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். எதுவும் நிற்கவில்லை. கேமரா சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. அவரைப் படம் எடுக்கக் கூப்பிட்ட இடத்தில் நான் அவரைப் பார்க்கவே இல்லை. அதை அந்தப் படம் யார் வேண்டுமானாலும் பார்க்கிற மாதிரி எழுதி வைத்திருந்தது.

ஊரிலிருந்து திரும்பி வந்தவளிடம் படத்தைக் கொடுத்தேன். அவள் நடையின் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். கணவனும் எட்டிப் பார்த்தான்.

"மாமா முகம் கலங்கிட்டுல்லா" என்றான் அவன்.

"சும்மா இரிங்க" என்றாள் அவள். பிறகு படத்தை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "அக்கா, இந்த நகம் பாருங்க. நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது உப்பு மூட்ட விழுந்து நசுங்கின நகம். அப்பிடியே வந்திருக்கு. இந்தக் கையிலதான்க்கா நான் நடை பழகுனேன்."

இதை இப்படியே பெரிதாக்கிச் சுவரில் மாட்டப் போவதாகச் சொன்னாள். "பாப்பாவும் கூட இருக்கட்டும்க்கா. அப்பாவுக்கு அவமேல உசிரு."

நான் சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்குள் வந்தேன். உட்கார முடியவில்லை. அவர்கள் வீட்டில் அந்தச் சுவர் எனக்குத் தெரியும். யேசு படத்துக்குக் கீழே, அவளுடைய அம்மா படம். பிளாஸ்டிக் மாலை, எந்நேரமும் எரியும் சிவப்பு விளக்கு. அதற்குப் பக்கத்தில் ஆணி அடித்து, என் மகள் நிற்கும் படத்தை மாட்டி, மாலை போட்டு, விளக்கு வைப்பார்கள். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு மாலை. அதுவும் மூச்சு இழுக்கிற பிள்ளைக்கு.

நான் படித்தவள். இதிலெல்லாம் ஒன்றுமில்லை என்று பிறருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்று சாயங்காலம் மகள் சோபாவில் ஒருமுறை இருமினாள். அவ்வளவுதான். எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

"கண்ணு, தப்பா நெனைச்சுக்காதீங்க. பெருசு பண்றப்ப பாப்பாவ மட்டும் வெட்டிரச் சொல்லீருங்க. மாலை போடுவீங்கல்லோ... உசுரோட இருக்கற புள்ளைங்க."

அவள் ஒரு நொடி என்னையே பார்த்தாள். பிறகு அவசரமாக, "அய்யய்யோ, ஆமால்லாக்கா. எனக்குத்தான் புத்தியில்ல. அதெப்பிடி மறந்தேன்" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அவள்தான் மன்னிப்புக் கேட்டாள்.

மறுநாள் ஸ்டூடியோவுக்கு நானும் கூடப் போனேன். நெகட்டிவ் என்னுடையது என்று காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், சொன்னபடி வெட்டுகிறார்களா என்று பார்க்கத்தான் போனேன்.

ஸ்டூடியோக்காரர் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பெரிதாக்கினார். முகம் பெரிதாகப் பெரிதாக இன்னும் கரைந்தது. "ஏனுங்க, மூஞ்சி ஒண்ணும் நிக்கலீங்களே. வேணும்னா கண்ணு மூக்கெல்லாம் நான் வரைஞ்சு குடுத்தர்றேனுங்க. கோட்டும் போட்டுக் குடுக்கலாமுங்க, இப்ப எல்லாரும் அப்பிடித்தான் கேக்கறாங்க."

"எங்கப்பாவுக்குக் கோட்டா? ஊருல ஆளுவ யாருன்னு கேப்பாவ" என்று சிரித்தாள் அவள். "வரைய வேண்டாம்ணே. இருக்க மாதிரியே போடுங்க. இந்தப் பாப்பாவ மட்டும் எடுத்திருங்க."

அவர் திரையில் நெட்டுக்குத்தாக ஒரு கோட்டைக் கொண்டுவந்து, இருவருக்கும் நடுவில் நிறுத்தினார். கொஞ்சம் இப்படி நகர்த்தினார், கொஞ்சம் அப்படி.

"எங்கீங்க வெட்டறது? கை பாப்பாகூடப் போயிருமுங்களே. படத்துல நல்லா இருக்கறதே அது ஒண்ணுதானுங்க."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கேட்கவில்லை, பார்த்தாள். ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும். என்னால் ஐந்து விரலுக்காகக்கூட என் மகளின் தோளை அந்தச் சுவருக்கு விட முடியவில்லை. சுவரில் மாட்டியிருந்த யாரோ ஒரு மணமக்களின் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாப்பிள்ளை கூலிங் கிளாஸ் போட்டிருந்தார். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போவட்டும்ணே" என்றாள் அவள்.

ஒரு வாரம் கழித்து அவளே என் வீட்டுக்கு வந்தாள். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பிரேம். "மிச்சப் பாதிய வீணாக்குவானேன்னு அதையும் பெருசாக்கச் சொல்லிட்டேன்க்கா. பாப்பா எப்பிடி நல்லா விழுந்திருக்கு பாருங்க."

பிரித்தேன். என் மகள், பெரிதாக, அவ்வளவு தெளிவாக. அவளுடைய தோளில், மணிக்கட்டோடு வெட்டப்பட்ட அந்தக் கை.

"இது உங்க ஊட்லயே இருக்கட்டுங் கண்ணு" என்றேன். "மாலை போடாம, சும்மா தனியா மாட்டிக்கலாமல்லோ."

"உங்க பிள்ளை படம் எங்க வீட்ல என்னத்துக்குக்கா?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதில் முள் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இல்லை என்றால் அது இன்னும் மோசம்.

நான் என்ன செய்வது என்று யோசிப்பதற்குள் என் மகள் நாற்காலியைப் போட்டு ஏறி, டிவிக்கு மேலே காலண்டர் ஆணியில் அதை மாட்டிவிட்டாள். எடுத்து உள்ளே வைக்க எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். எடுத்தால் ஏன் எடுத்தோம் என்று மகளுக்குச் சொல்ல வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரியின் முகத்தை அதன் பிறகு நான் நேராகப் பார்த்துப் பேசியதில்லை. அவள் மாறவே இல்லை. கம்பெனி விட்டு வரும்போது, அவளுக்காக நான் வாங்கி வைத்திருக்கும் பால் பாக்கெட்டை எடுத்துப்போக வருவாள். "அக்கா" என்று வாசலில் அவள் குரல் கேட்டதும், "உள்ள வாங்க கண்ணு, பிரிட்ஜ்ல இருக்குது" என்று சொல்லிவிட்டு நான் அடுப்படிக்குள் போய்விடுவேன். பாலை எடுக்க அவ்வளவு நேரம் ஆகாது. அவள் கொஞ்ச நேரம் கழித்துத்தான் போவாள். அந்த நேரத்தில் நான் ஏதாவது பாத்திரத்தைத் தேய்ப்பேன்.

ஒருநாள் மகள் அடுப்படிக்கு வந்து என் சேலையை இழுத்தாள்.

"அம்மா, அத்தை எதுக்கு என்ற போட்டோவத் தொட்டுத் தொட்டு விரலுக்கு முத்தம் குடுத்துக்கறாங்க?"

"மெதுவாப் பேசு கண்ணு" என்றேன். அத்தை இன்னும் கூடத்தில்தான் இருந்தாள். நான் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டேன்.