பெரிய வெள்ளிக்கு லட்டு

கம்பெனி அதிகாரியே, துக்க நாளில் இனிப்பு கொடுத்தது நீங்கள்தான்.

மத்திகிரியில் கெலமங்கலம் பஸ்ஸுக்காக நிற்கிறேன். பக்கத்தில் உங்கள் கம்பெனிச் சீருடையில் ஒரு பெண், தலையில் பூ இல்லை, கையில் லட்டுப் பெட்டி. பெரிய வெள்ளி என்பதால் காலையிலிருந்து ஒருசந்தி நோன்பு இருக்கிறார். இயேசு உயிர்விட்ட மூன்று மணிக்குக் கோயிலில் சிலுவையை முத்தமிட்டு முத்தி செய்ய வேண்டும்.

“பெர்மிஷன் சீக்கிரமே குடுத்துட்டாங்கண்ணா. அப்புறம் கிறிஸ்டியன் எல்லாம் வாங்க, ஹேப்பி குட் ஃப்ரைடேன்னு லட்டைக் குடுத்து போட்டோவுக்குச் சிரிக்கச் சொன்னாங்க. நான் சிரிக்கலைன்னு திரும்பத் திரும்ப எடுத்தாங்க. பஸ் போயிடுச்சு.”

“இது துக்க நாளுன்னு சொல்ல வேண்டியதுதானேம்மா?”

“சொன்னேன். உங்க பண்டிகைக்கு நாங்களே சந்தோஷப்படறோம், உனக்கென்னம்மாங்கறாரு அதிகாரி.”

மூன்று மணி ஆகிறது. பஸ் வரவில்லை. அவர் பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டுச் சாலையோரத்திலேயே முழங்கால் போடுகிறார். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான்.

அதிகாரியே, கம்பெனி வாசலில் மைக் வைத்து, எல்லா ஷிப்ட் ஆட்களும் கேட்கப் பதில் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் சாவு விழுந்த அன்று யார் யாருக்கு லட்டு கொடுத்தீர்கள்?