சயானில் இறங்கச் சொன்னது கர்த்தர் என்று நான் சொன்ன சாட்சி

அந்த யோசனை எனக்கு ரயில் கூட்டத்தில் கிடைத்தது. ஆபீஸ் விட்டு வரும்போது வாரத்தில் மூன்று நாளாவது மாட்டுங்காவில் இறங்கிவிடுவேன். இறங்கினால் கால்கள் தமிழ்ப் படம் ஓடும் கொட்டகைக்குத் தாமாகப் போகும். எங்கள் சபையில் சினிமா பாவம். எனக்கு அதைவிடப் பெரிய பாவம், அம்மாவிடம் ஆபீஸில் வேலை அதிகம் என்று சொல்லும் பொய். அன்று கூட்டம் நெருக்கியதில் மாட்டுங்காவில் இறங்க முடியவில்லை. வண்டி என்னை அடுத்த ஸ்டேஷனான சயானில் கொண்டுபோய்த் தள்ளியது. தாராவிக்கு நடந்து வரும் வழியில் சட்டென்று பட்டது: தினமும் சயானிலேயே இறங்கினால் பாவம் செய்ய வழியே இல்லையே. இது கர்த்தர் காட்டிய வழி என்று அங்கேயே முடிவுகட்டினேன். நான் எதையும் அப்படித்தான் முடிவுகட்டுவேன்.

ஒரு மாதம் தாண்டவில்லை, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்று, கர்த்தர் வழிகாட்டிச் சினிமாவை விட்டுவிட்டதாகச் சாட்சி சொன்னேன். எங்களிடம் அது வழக்கம். விட்ட பாவத்தை எல்லார் முன்னாலும் சொல்லி ஸ்தோத்திரம் செலுத்த வேண்டும். நான் நன்றாகப் பேசுவேன். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கூட்டம் முடிந்ததும் எதிர்வீட்டு அண்ணாச்சி வாசலில் காத்திருந்தார். தோல் பட்டறையில் வேலை பார்ப்பவர். மதுவிலக்கெல்லாம் பேப்பரில்தான், எங்கள் பக்கத்தில் சாராயம் வீட்டுக்குள்ளேயே கிடைக்கும். இன்னொரு முறை குடித்துவிட்டு வந்தால் பிள்ளைகளோடு ஊருக்கு ரயிலேறிவிடுவதாகச் சொல்லி, அவர் மனைவி, எங்கள் மதினி, டிரங்குப் பெட்டியை அடுக்கி வைத்திருந்தார்.

"தம்பி, நீரு எப்பிடி விட்டீரு? எனக்கும் சொல்லும்."

ஜெபம் பண்ணுவோம் அண்ணாச்சி என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பையிலிருந்து பென்சிலை எடுத்தேன். பட்டறையிலிருந்து அவர் வீடு வரை ஒரு வரைபடம் போட்டேன். சாராயம் விற்கும் வீடுகளுக்குப் பெருக்கல் குறி. அவற்றைச் சுற்றிக்கொண்டு போகும் பாதைக்கு அம்புக்குறி. அவர் அதை மடித்து வேதப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.

பிறகு மழை பிடித்தது. முந்தாநாள் வியாழக்கிழமை சயானில் தண்டவாளம் முழுகிவிட்டது என்று வண்டியை மாட்டுங்காவிலேயே நிறுத்திவிட்டார்கள். இறங்கினேன். முழங்கால் தண்ணீரில் நடந்தேன். ஒரு நிமிடம் நின்று, கர்த்தாவே என்ன செய்ய என்று கேட்டிருக்கலாம். தோன்றவே இல்லை. சட்டை சொட்டச் சொட்டக் கொட்டகை நாற்காலியில் உட்கார்ந்தபோது படம் தொடங்கிவிட்டிருந்தது. முழுதும் பார்த்தேன். வீட்டில் ரயில் நின்றுவிட்டது என்றேன். அது உண்மைதான், அதனாலேயே அந்தப் பொய் மற்றப் பொய்களைவிட அதிகமாக உறுத்தியது.

மறுநாள் மாலை அண்ணாச்சியே வந்தார். கண் சிவந்திருந்தது.

"நேத்து குடிச்சிட்டேன், தம்பி. நீரு போட்ட படத்துல ஒண்ணும் தப்பில்ல. அம்புக்குறி போட்ட சந்துலயும் ஒருத்தன் புதுசா ஆரம்பிச்சிருக்கான்."

"மதினி?"

"பெட்டிய வாசலுக்குக் கொண்டாந்துட்டா."

அப்போதுகூடப் புதிதாக ஒரு பாதை மனதுக்குள் ஓடியது. குளத்துப் பக்கமாக, குயவர்கள் இருக்கும் பகுதி வழியாக. அதைச் சொல்ல வாயெடுத்தேன்; வேறு வந்தது.

"நானும் நேத்து படத்துக்குப் போனேன், அண்ணாச்சி."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "எழும்பி நின்னு சாட்சி சொன்னீரே. அழுகைல்லாம் வந்துச்சு எங்களுக்கு." பிறகு, "படம் எப்பிடி?" என்றார்.

"சுமார்தான்."

"அப்ப கர்த்தர் உமக்கு வழி காட்டுனாருன்னது?"

"நான் அவர்ட்ட கேக்கவே இல்ல. நானா முடிவு பண்ணி அவரு பேரைப் போட்டுட்டேன்."

எதிர் வாசலில் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த மதினிக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. "நல்லாருக்கு. ரெண்டு ஆம்பிளையளும் ரோட்டத்தான் நம்பிட்டு இருந்திருக்கிய," என்றார். "இன்னும் ஒரு வாரம் பாக்கேன். அதுக்கு மேல என்னால ஆகாது, தம்பி."

அவர்கள் வாசலிலேயே மூவரும் முழங்கால் போட்டோம். ஜெபம் பண்ணச் சொன்னால் கால்மணி நேரம் நிறுத்தாமல் பேசுகிற எனக்கு அன்று ஒரு வார்த்தை வரவில்லை. அண்ணாச்சிதான் தொடங்கினார்.

"ஆண்டவரே, ஆறு மணிக்குப் பட்டறை விடும். அந்நேரம் எனக்கு நாக்கு இழுக்கும். என்னால முடியல. நீரு கூட வாரும்."

அவ்வளவுதான். எனக்குப் பொறாமையாக இருந்தது. என்னால் முடியவில்லை என்று நான் கர்த்தரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. முடிந்ததை மட்டுமே சொல்லி வந்திருக்கிறேன்.

இன்று சனிக்கிழமை. நாளைக் கூட்டத்தில் எழுந்து சாட்சியைத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும். என்ன சொல்வது என்று மூன்று முறை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் எப்படியோ நான் நல்லவனாகவே முடிகிறேன், கிழித்துவிட்டேன். தாளில்லாமல் நிற்கப்போகிறேன். அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிட வேண்டும், சபையில் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி விடக்கூடாது. திங்கட்கிழமை ஆபீஸில் சீக்கிரம் விடச் சொல்லிக் கேட்டு, ஆறு மணிக்குப் பட்டறை வாசலில் நிற்பதாக அண்ணாச்சிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். எந்தச் சந்து என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. வாசலிலேயே ஜெபித்துவிட்டு நடக்கப்போகிறோம். முதலில் அவர் ஜெபிப்பார், அப்புறம் நான்.