காது ஆறும் வரை

கள்ளிக்குப்பத்தில் என் மகன் வீடு இருக்கிற தெருவில் எனக்கு ஒரு பெயர் உண்டு: அடுத்த வீட்டை எட்டிப் பார்க்கிறவள். சொல்கிறவர்கள் சொல்லட்டும். வயசானவரை உள்ளேயே வைத்துக்கொண்டு, பார்க்க வருகிறவர்களிடம் எப்போதும் "தூங்குறாரு" என்று சொல்லும் வீடு இருந்தால், நான் வாசலில் உட்கார்ந்துவிடுவேன். தூங்குகிற மனுஷர் எப்போதாவது எழுந்துதானே ஆக வேண்டும். இந்தப் பிடிவாதம் எனக்கு அம்மாவிடமிருந்து வந்தது. நான் அதை முதலில் பார்த்தது என் காதுகுத்தின்போது.

அப்போது நாங்கள் காட்டுப்பாக்கத்தில் இருந்தோம். அம்மாவுக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை இல்லை. யார் மடியில் உட்கார வைத்துக் காது குத்துவது என்ற பேச்சு இழுத்துக்கொண்டே போய், நான் பள்ளிக்கூடம் போகிற பெண்ணாகிவிட்டேன். கடைசியில் அம்மா தன்னுடைய தாய்மாமனையே கூப்பிட்டாள். எனக்குத் தாத்தா முறை. அம்பத்தூர்ப் பக்கம் மகனோடு இருந்தார். அம்மா பார்க்கப் போனபோதெல்லாம் தூங்குகிறார் என்றே திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஆனால் தாய்மாமன் மடி கேட்டு வந்தால் இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மகனும் மருமகளும் அவரை அழைத்துக்கொண்டு எங்கள் தெரு அம்மன் கோயிலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

கொளுத்துகிற வெயிலில் தாத்தாவுக்குக் கழுத்துப் பொத்தான் வரை போட்ட முழுக்கைச் சட்டை. விரல் நகங்கள் வளர்ந்து வளைந்திருந்தன. "சாப்டியா மாமா?" என்று அம்மா கேட்டதும் அவர் மருமகள் முகத்தைப் பார்த்தார். "காலையிலயே நாலு இட்லி துன்னுட்டுத்தான் வந்தாரு" என்று அவள் சொன்னாள்.

அவர் மடியில் உட்கார்ந்தேன். மரப்பலகையில் உட்கார்ந்த மாதிரி குத்தியது. பத்தர் ஊசியைக் கையில் எடுத்ததும், நான் அழாமல் இருக்க என் கையில் ஒரு வாழைப்பழம் கொடுத்தார்கள். ஊசி இறங்கிய நேரத்தில் பின்னாலிருந்து ஒரு கை வந்து பழத்தைப் பிடுங்கியது. தோலைப் பாதி உரித்ததும் உரிக்காததுமாக அவர் வாயில் திணித்துக்கொண்டார். நான் ஊரைக் கூட்டினேன்.

"ஊசிக்கே இந்தக் கத்து கத்துறா. இவளைக் கட்டிக்கப் போறவன் செத்தான்" என்று ஒருத்தி சொல்ல, கோயிலே சிரித்தது.

"ஊசி இல்ல! தாத்தா என் வாயப்பயத்தத் துன்னுட்டாரு!"

இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. தட்டிலிருந்த புதுச் சட்டையை எடுத்தாள். மடி கொடுத்த மாமனுக்குப் புது உடுப்பு கொடுப்பது எங்களில் வழக்கம்.

"ஊட்டுக்குப் போயி போட்டுக்குவாரு, குடு" என்று மருமகள் கையை நீட்டினாள்.

"சபையில போடணும்" என்று அம்மாவே பொத்தான்களைக் கழற்றினாள்.

மேல்கையில் விரல் விரலாக நீலம் பாய்ந்திருந்தது. முதுகில் புண். "கீய உயுந்துட்டாரு" என்று மகன் சொன்ன அதே மூச்சில், "கொசு கடிச்சி சொறிஞ்சிக்கினாரு" என்றாள் மருமகள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள்.

அப்பா அம்மாவின் காதருகே குனிந்து, "அட்த்தவன் ஊட்டு சமாச்சாரம், நமக்கு இன்னாத்துக்கு?" என்றார். அம்மா புதுச் சட்டையை மெதுவாகப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"புள்ளைக்குக் காது ஆறுற வரைக்கும், மடி குடுத்த மாமன் அந்தப் புள்ளை ஊட்டை விட்டுப் போவக் கூடாது. போனா புள்ளைக்கு ஆவாது."

அப்படி ஒரு வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது. மகன், "இன்னாமே இது, புதுசாக் கீது?" என்று சிரித்துப் பார்த்தான். கூட்டத்தில் ஒரு கிழவி அந்த முதுகைப் பார்த்துவிட்டு வெற்றிலையைத் துப்பினாள். "உனக்கு இன்னாடா தெரியும்? எங்க பக்கத்துலயும் உண்டு" என்றாள். பத்தரும், ஆமாம், அப்படித்தான் என்று தலையாட்டினார். பெண்பிள்ளையின் காது விஷயம். அவன் என்ன பேசுவான்?

அதற்கப்புறம் அவன் அடிக்கடி சைக்கிளில் வந்து காது ஆறிவிட்டதா என்று கேட்பான். மஞ்சளை அப்பி அம்மா என்னை முன்னால் நிறுத்துவாள். "இன்னும் இல்ல மச்சான்." காது ஆறிப் பல நாள் ஆன பிறகும் இந்த மஞ்சள் நின்றபாடில்லை. ஒருநாள் அவன் உள்ளே வரப் பார்த்தான். அம்மா வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"காது ஆறிடுச்சி மச்சான். மாமாவுக்கு முதுகு ஆறல. ஆறினாலும் அனுப்ப மாட்டேன். வேணும்னா பஞ்சாயத்தக் கூட்டு. சட்டையக் கயட்டிக் காட்டுறேன்."

அவன் சைக்கிளைத் திருப்பினான். பஞ்சாயத்தும் கூடவில்லை.

தாத்தா எங்களோடே தங்கிவிட்டார். தண்ணீர்ப் பானை அவர் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருக்கும். இருந்தாலும் தம்ளரைத் தொடுவதற்கு முன் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பார். பெரும்பாலும் நான்தான் இருப்பேன். "தண்ணி குடிச்சிக்கட்டா, கண்ணு?" என்பார். நான் டீச்சர் மாதிரி விறைப்பாக நின்று, "உம், குடி" என்பேன். அவர் மடமடவென்று குடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கும்பிடுவார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தெருப் பிள்ளைகளை எல்லாம் கூட்டி வைத்துச் சொன்னேன்: எங்கள் வீட்டில் பெரியவர்கூட என்னைக் கேட்டுத்தான் தண்ணீர் குடிக்கிறார்.