இரவல் போன காரும் சிப்ஸ் எண்ணெயும்

போன செவ்வாய்க்கிழமையிலிருந்து எனக்குக் கோபம் அடங்கவில்லை. எழுதினாலாவது அடங்குமா என்று பார்க்கிறேன்.

மாமனாருக்கு டயாலிசிஸ். பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைக்கு என் பழைய டீசல் காரில்தான் கூட்டிப்போவேன். கிழட்டு வண்டிதான். ஆனால் வழியில் நின்று மானத்தை வாங்கியதில்லை.

அன்று கிளம்பியதுமே ஏத்தங்காய், அதாவது நேந்திரங்காய், சிப்ஸ் வாசனை. சந்தேகப்படுவேனா? எங்கள் ரோட்டில் திரும்பிய இடமெல்லாம் சிப்ஸ் கடை... தேங்காயெண்ணெய் கொதித்துக்கொண்டே இருக்கும். "மணம் கொள்ளாம் மக்கா, வரும்போ கொஞ்சம் வாங்கணும்" என்றார் மாமா. உப்பைத் தொடக் கூடாத மனிதர்! சிரித்துக்கொண்டே ஓட்டினேன்.

அமரவிளை பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி இருமியது. குலுங்கியது. நின்றே விட்டது.

பின்னால் ஒரே ஹார்ன். மாமாவுக்கு ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. "பேடிக்காத மக்கா, எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை நிறுத்தி மூச்சு இழுத்தார். தெரிந்த மெக்கானிக்குக்கு போன் செய்து வண்டியைப் பார்க்கச் சொல்லிவிட்டு, ஓர் ஆட்டோவை மறித்து அவரை ஏற்றினேன்.

ஆஸ்பத்திரியில் அவருடைய மெஷினில் வேறொருவர் படுத்திருந்தார். யாரைக் குறை சொல்ல? நாங்கள்தானே லேட். ஆக்ஸிஜன் மாட்டி ஓரமாகப் படுக்க வைத்தார்கள். சாயங்காலம் மெஷின் கிடைக்கும்வரை அவருடைய நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடையில் மெக்கானிக் போன் செய்தார். "சாரே, ஃபில்டர் திறந்து நோக்கி. இதெந்தா, ஹல்வயா? டேங்கில் கிடக்கது டீசலே இல்ல!"

அப்போதுதான் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை என் மச்சினன் ஷிபு, மாமாவின் ஒரே பையன், பூவாரில் மீன் வாங்க வேண்டும் என்று காரை இரவல் கேட்டிருந்தான். எங்கள் பக்கத்தில் ஒரு மரியாதை உண்டு — இரவல் கார் டேங்க் நிறைந்துதான் திரும்ப வேண்டும். எதை ஊற்றி நிறைத்தாய் என்று கேட்பது மரியாதையில்லை.

போனில் அதட்டியதும் உண்மையைக் கக்கினான். ஷிபு நிறைத்தது அவனே காய்ச்சிய பயோடீசலால். சிப்ஸ் கடைகளின் பழைய எண்ணெய், மெத்தனால், காஸ்டிக் சோடா, வீட்டுக்குப் பின்னால் ஒரு டிரம், கொஞ்சம் யூடியூப்.

பயோடீசல்மேல் எனக்குக் கோபமில்லை. சோப்பு போகக் கழுவி, ஈரம் போக்கி, அளவாக டீசலில் கலந்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய டேங்கில் படிந்த அழுக்கையெல்லாம் அது கரைத்து இழுத்து வரும், ஃபில்டர் அடைக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். இந்தப் பிரகஸ்பதி கழுவவும் இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை. ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

ஆஸ்பத்திரிக்கு வந்தவனிடம் அதையே கேட்டேன்.

"நல்லதுக்காக்கும் ஊத்தினேன், அத்தான். சொன்னா சம்மதிக்க மாட்டீங்க. பூமிக்கும் நல்லதில்லியா?"

"பூமி கிடக்கட்டும்லே! உனக்க அப்பா உள்ள மூச்சு முட்டிக் கிடக்கார்!"

நான் போட்ட சத்தத்தில் நர்ஸ் வந்து என்னைத்தான் திட்டினார். மெஷினிலிருந்து எழுந்ததும் மாமா சொன்ன முதல் வார்த்தை: "அவனை ஏசாத மக்கா, பாவம்." எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது. நாள் முழுக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர். பாவம் அவனா?

எங்களைக் கூட்டிப்போக ஷிபு தன் காரை வாசலுக்குக் கொண்டுவந்தான். அதுவும் டீசல்தான். புத்தம்புதுசு, சீட் கவரின் பிளாஸ்டிக்கூடப் பிரிக்கவில்லை. மாமாவை ஏற்றிவிட்டுக் கேட்டேன்: "இதுல ஊத்திப் பார்த்திருக்கலாம்லா?"

பயல் நிஜமாகவே பதறிப்போனான். "ஐயோ அத்தான், இதுக்கு வாரண்டி உண்டு!"

அப்பாவுக்கு இல்லை போலிருக்கிறது.