பாதரின் கை

எழுபதுகளின் கடைசியில், துறைமுகத்துக்குக் கிட்ட இருந்த எங்கள் தேவாலயத்துப் பங்கு மண்டபத்தில் ஒரு கிழமை முழுக்கப் பழைய பிரெஞ்சுப் படங்கள் போட்டார்கள். கலவரமும் ஆமி ரோந்துமாக ஊர் அடிக்கடி குழம்பிய காலம். பொழுதுபட்டால் வெளிக்கிடவே பயம். என்றாலும் படத்தின் மேல் இருந்த ஆசையில் நானும் தங்கச்சியும் போனோம்.

முதல்நாள், ரயில் நிலையத்தில் கதாநாயகி காதலனிடம் ஓடிவந்தாள். சட்டென்று திரை இருண்டது. அதே நேரம் வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. படம் ஓட்டிய பாதர் எதையோ கண்டுதான் வெளிச்சத்தை மறைக்கிறார் என்று நினைத்தோம். மண்டபமே சத்தமில்லாமல் கதிரைகளுக்குக் கீழே படுத்தது. தங்கச்சியின் நகம் என் கையில் இறங்கியது.

ஜீப் போய்விட்டது. திரையும் வெளித்தது.

"ஏன் எல்லாரும் கீழ கிடக்கிறீங்கள்?" என்றார் பாதர். "முத்தக் காட்சியெண்டு கையால மறைச்சனான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிரான்சுக்காரி ஒருத்தி காதலனைக் கொஞ்சுவதற்கு நாங்கள் இங்கே சாக வேண்டுமா?

அடுத்த நாள் பாதர் கையை வைக்கவில்லை. திரையில் நீண்ட முத்தம். வெளியே ஏதோ வாகனம் இரைந்தது. முழு மண்டபமும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, பாதரும்தான்.